போஸ்டர்ல கிளம்பிப் போன மனுசன்

எங்க கம்பெனி விக்கிறது துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர், கக்கூஸ் கழுவுற ஆசிட்டு. தேனில இருந்து குமுளி வரைக்கும் நான்தான் சேல்ஸ் ஆபீசர். ஆபீசருன்னதும் எந்திரிச்சு நிக்க வேண்டாம். பைக்குல பின்னாடி சாம்பிள் பை, முன்னாடி என் தொப்பை. ஆபீஸ் அம்புட்டுத்தான்.

போன வருசம் புதுசா தரை தொடைக்கிற லிக்விட் ஒண்ணு எறக்குனாக. மல்லியப்பூ வாசம். பம்பாய்ல ஏசி ரூம்ல உக்காந்து, எல்லா ஊருக்கும் ஒரே போஸ்டர்னு முடிவு பண்ணிட்டாக. படத்துல ஒரு புருசன் தோள்ல பையோட வாசப்படி எறங்கிப் போறாரு. பொண்டாட்டி ஒரு கையால டாட்டா காட்டுது, இன்னொரு கையில மாப்பு. காலடியில பக்கெட்டு நிறைய நுரை. கீழ ஒரு வரி மட்டும் அந்தந்த ஊரு பாசையில. தமிழ் வரி அடியேன் எழுதுனது: "அவர் கிளம்பியாச்சு, இனி வீடு பளபள." எழுதி அனுப்பிட்டு, நமக்குள்ளயும் ஒரு கவிஞன் இருக்கான்யான்னு மீசையத் தடவிக்கிட்டேன்.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு கடை கடையா நானே பசை தடவி ஒட்டுனேன். சரக்கு மட்டும் அசையல. பொம்பளைக வருவாக, போஸ்டரப் பாப்பாக, பழைய பினாயிலையே வாங்கிட்டுப் போயிருவாக. சின்னமனூர்ல ஒரு கடைக்காரரு போஸ்டரக் கிழிச்சு, அரிசி மூடைக்கு அடியில விரிச்சிருந்தாரு.

"ஏண்ணே, நல்லாத்தான இருந்துச்சு?"

"பாக்க நல்லா இல்ல தம்பி. காலங்காத்தால கடையத் தொறந்ததும் அது மொகத்துலயா முழிக்கிறது?"

படத்துல இருந்த பொண்ணு சுடிதார் போட்டிருக்கு, அதான் இவருக்குப் புடிக்கலன்னு நான் நெனச்சேன். என் புத்தி அம்புட்டுத்தான் போச்சு.

குமுளில வேற கதை. அங்கன கடை வச்சிருக்க மலையாளத்துச் சேட்டன் பாட்டிலத் தொறந்து மோந்து பாத்துட்டு, "இதப் போட்டுத் தொடச்சா எங்க வீடு உங்க ஊரு கல்யாண மண்டபமாயிருமே"ன்னாரு. அவுக புல்தைலம் ஊத்தித் தொடைக்கிற ஆளுக. வீடுன்னா மழை பெஞ்ச புல்லு மாதிரி மணக்கணும். மலையேறி எறங்குறதுக்குள்ள மூக்கே மாறிப்போகுது. சரி, வாசந்தான் கோளாறுன்னு கம்பெனிக்கு இங்கிலீசுல ஒரு பக்கம் எழுதிப் போட்டேன்.

பதிலுக்கு மேனேஜர் போன் பண்ணாரு. லக்னோக்காரரு, தங்கமான பேச்சு. திட்டுறதக்கூட 'ஜி' போட்டுத்தான் திட்டுவாரு. "ஜி, நானே வந்து பாக்குறேன். உங்க ஏரியா தேறலன்னா நாக்பூர்ல ஒரு எடம் காலியா இருக்கு. அங்க போயிருங்க."

மக பிளஸ் டூ படிக்குது, அத நட்டாத்துல விட்டுட்டு வீட்டைக் காலி பண்ண முடியாது. போனா நான் ஒத்தையில போகணும். எனக்குத் தெரிஞ்ச இந்தி ரயில் டிக்கெட்டு எடுக்கவே பத்தாது.

மேனேஜர் வந்தாரு. கம்பத்துல எங்க ஏஜென்சி எடுத்திருக்க அண்ணாச்சி வீட்டுல டெமோ. அக்கம்பக்கத்துப் பொம்பளைக நாலஞ்சு பேரக் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தோம். அண்ணாச்சி அன்னைக்கின்னு பாத்து கண்ணு டாக்டரப் பாக்க மதுரைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தாரு. தோள்ல பை. கண்ணுல பொரை முத்திப்போச்சு, ஆபரேசன் பண்ணணுமாங்கிற பயம் வேற.

மேனேஜருக்கு மொகம் பூராம் சிரிப்பு. "போஸ்டர்ல இருக்க மாதிரியே அமைஞ்சிருச்சு ஜி"ன்னு பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு, அவரே மாப்ப நுரையில முக்குனாரு. அண்ணாச்சி ஒரு காலை வாசப்படிக்கு வெளிய வச்சாரு. இவரு பின்னாடியே சளப்புன்னு தரையில ஒரு இழுப்பு.

மதினி அடுப்படியில இருந்து வந்தாக பாருங்க. அண்ணாச்சி சம்சாரம் அம்புட்டு வேகமா நடந்து நான் பாத்ததில்ல. மாப்புக் கம்பப் புடிச்சுக்கிட்டாக.

"ஏய்யா, வையி கீழ. மனுசன் இன்னும் தெருவத் தாண்டல, அதுக்குள்ள வீட்டைக் கழுவுறியே, உனக்கு அவுக என்ன பாவம் பண்ணாக?"

மேனேஜர் என்னையப் பாத்தாரு. நான் மேல ஃபேனப் பாத்தேன்.

"உங்களையுந்தான் கேக்குறேன்," மதினி என் பக்கம் திரும்புனாக. "வீட்டுல இருந்து பொணத்த எடுத்ததும்தான கழுவி விடுவோம்? ஊருக்குக் கிளம்புற மனுசன் பின்னாடி எவளாச்சும் வெளக்கமாத்தத் தொடுவாளா? உங்க வீட்டுல தொடுறாகளா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெனமும் கிளம்பிப் போற ஆளு நானு. போனப்புறம் வீட்டுல என்ன நடக்குது, எது நடக்காதுன்னு திரும்பிப் பாத்திருந்தாத்தான? கேள்விப்படாத சங்கதியும் இல்ல, சின்ன வயசுலயே தெரியும். கம்பம் பள்ளத்தாக்கு பூராம் அந்தப் போஸ்டர என் கையால ஒட்டுறப்ப மட்டும் தோணல.

அண்ணாச்சி திரும்பி உள்ள வந்து நாற்காலில உக்காந்தாரு. மதினி ஒரு செம்பு தண்ணி குடுத்தாக. குடிச்சிட்டு, மறுபடி புதுசா கிளம்புனாரு. வாசல்ல நின்னு என்கிட்ட மெதுவா, "அந்த மாப்ப எங்கயாச்சும் தூர வையிப்பா"ன்னாரு. கார் தெருமுனை திரும்புற வரைக்கும் யாரும் தரையப் பாக்கக்கூட இல்ல.

நான் மேனேஜருக்கு இங்கிலீசுல வெளக்குனேன். கேக்கக் கேக்க அவரு மொகம் வெளிறிப்போச்சு. மாப்ப செவுத்துல சாத்திட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாரு: "ஜி, எங்க வீட்டுலயும் யாராவது ஊருக்குப் போனா, அம்மா பெருக்க விடமாட்டாங்க."

"லக்னோவுலயுமா?"

"லக்னோவுலயும். அங்கயும் இது விக்கல. அங்க இருக்க ஆளு வெலை ஜாஸ்தின்னு எழுதியிருக்கான்."

"அப்ப இந்தப் படத்த ஆபீஸ்ல யாருமே யோசிக்கலையா சார்?"

"ஆபீசுக்கு யாரும் அம்மாவக் கூட்டிட்டு வர்றதில்லையே ஜி."

மதினிக்கு நான் அதத் தமிழ்ல சொன்னேன். சிரிச்சுட்டாக. ரெண்டு பேருக்கும் பணியாரமும் காப்பியும் வந்துச்சு. நாலாவது பணியாரத்துல மேனேஜர் கேட்டாரு: "அப்ப வீட்டை எப்பத்தான் கழுவுவாங்க?"

"யாராச்சும் வாராகன்னா கழுவுவோம்," மதினி சொன்னாக. "வெள்ளிக்கெழமை கழுவுவோம். நீங்க வாரீகன்னு இன்னைக்கு விடியக்காலையே கழுவியாச்சு. நீங்கதான் திரும்பக் கழுவுனீக."

அத அவரு அங்கனயே போன்ல பம்பாய்க்குச் சொன்னாரு. அடுத்து வந்த போஸ்டர்ல அதே புருசன், அதே பை. மொகம் மட்டும் வீட்டைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. தரை காஞ்சு மின்னுது, மாப்பு மூலையில நிக்குது. இந்தத் தடவ வரிய நான் எழுதல. மதினிகிட்ட கேட்டு வாங்குனேன்: "ஊருக்குப் போனவுக வாராக." அம்புட்டுத்தான்.

கம்பத்துல கடைக்காரவுக தானா போன் பண்ணி சரக்கு கேட்டாக. அண்ணாச்சி ஆபரேசன் முடிஞ்சு, கறுப்புக் கண்ணாடியோட குடோன்ல உக்காந்து, பெட்டி எறங்குறத மேப்பாத்தாரு.

ஒரு சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டாரு. "நாக்பூருக்கு வேற ஆள் போட்டாச்சு ஜி. நீங்க அங்கயே இருங்க. அடுத்த போஸ்டர அச்சடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்புறேன். நீங்க பாக்காதீங்க, வீட்டுல காட்டுங்க."

சந்தோசத்துல அடுப்படிக்குப் போயி சம்சாரத்துகிட்ட சொன்னேன். "நெசமாவா"ன்னு கேட்டுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டா. அது வெங்காயமா நானான்னு கேக்கல. மககிட்ட சொல்லப் போனேன். படிக்க வெளிச்சம் வேணும்னு, சன்னலோரமா இருந்த என் கட்டில அது ஏற்கெனவே வெளித் திண்ணைப் பக்கம் தள்ளிட்டு, அந்த எடத்துல மேசையப் போட்டுருந்துச்சு.

"நாக்பூர் போகலையாப்பா?" என்னைய ஒரு பார்வை, மேசைய ஒரு பார்வை.

"போகலைம்மா."

"சரி," பெருமூச்சு விட்டுட்டு, பொஸ்தகத்த மூடிட்டு எந்திரிச்சுச்சு. "அந்தப் பக்கம் புடிங்க."