லெட் என்றால் விடு

நான் ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்த வருஷம், எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போவதாகத் தகவல் வந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது; தமிழ் பேசும் எங்கள் ஊரும் அதில்தான் இருந்தது. வருகிறவர் மலையாளத்தில் கேட்பாரா, இங்கிலீஷில் கேட்பாரா என்று டீச்சர்மாருக்கே நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இங்கிலீஷ் டீச்சர் எங்களை 'லெட்' என்ற ஒற்றை வினைச்சொல்லோடு மல்லுக்கட்ட வைத்தார்.

லெட் என்றால் விடு, அவ்வளவுதான் என்றார். அது அவ்வளவோடு நிற்கவில்லை. 'லெட் அஸ் கோ' என்றால் போகலாம் வா. 'லெட் மீ கோ' என்றால் என்னைப் போகவிடு. இதில் பெரிய தொல்லை 'டு'. வேறு வினைகளுக்குப் பின்னால் சமர்த்தாக வந்து நிற்கும் அது, லெட்டுக்குப் பின்னால் வரக்கூடாதாம். வகுப்பே அதில்தான் தடுக்கி விழுந்தது. 'லெட் மீ டு கோ' என்று சொல்லி நானும் உள்ளங்கையில் அடி வாங்கினேன்.

சாயங்காலம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் முறையிட்டேன். அக்கா தேர்ட் ஃபாரத்தில் பாதியிலேயே நின்றவள். பெரியவளானதும் அப்பா நிறுத்திவிட்டார். அப்பா கடுமையான மனிதர் இல்லை. ஊரில் நாலு வீட்டில் நடந்ததை அவரும் நடத்தினார், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

அக்கா கையைத் துடைத்துவிட்டு என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, இழு என்றாள். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சட்டென்று விரல்களை விரித்தாள்.

"இப்ப நான் ஒண்ணும் செய்யல்ல. பிடிச்சிருந்தத விட்டேன், அவ்வளவுதான். நீயாத்தான் போற. இதாக்கும் லெட்."

வகுப்பில் யாருக்கும் வராத மாதிரி நீளமாக ஒரு வாக்கியம் வேண்டும் என்று கேட்டேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: 'மை ஃபாதர் டஸ் நாட் லெட் மீ கோ டு ஸ்கூல்.' ஸ்கூலுக்கு முன்னால் வருகிற டு வேறு, அது இருக்கலாம் என்றும் விளக்கினாள். வரப்பில் நடக்கும்போதெல்லாம் அதை முணுமுணுத்தே நாக்குக்குப் பழக்கினேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் இங்கிலீஷில்தான் கேட்டார். லெட் நடத்தியிருப்பதாக டீச்சர் சொன்னதும், அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் எழுந்தவர்கள் எல்லாரும் அந்த டுவில் விழுந்தார்கள். நான் மூச்சு விடாமல் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியானால் நீ எப்படி இங்கே வந்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். அக்கா சொல்லித் தந்தது என்றேன். அக்கா எந்த ஃபாரம் என்றார். வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது. என் தோளைத் தொட்டு, "வெரி குட்" என்றார். அன்றைக்கு அது எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பெருமை தாங்கவில்லை. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். களத்துக்கு வந்தவர்கள், வழியில் போனவர்கள் எல்லாருக்கும் நான் அதைச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. நானும் சளைக்காமல் சொன்னேன்.

இரணியலில் சர்க்கார் வேலை பார்த்த மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால பேசின இங்கிலீஷாக்கும். மாமாவுக்குச் சொல்லு மக்கா."

சொன்னேன். மாமா சோற்றில் கைவைத்தபடியே சிரித்தார். அர்த்தம் என்ன என்று அப்பா கேட்டார்.

"எங்க அப்பா என்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிட மாட்டேங்காருன்னு சொல்லுதா அத்தான்."

அப்பாவும் சிரித்துவிட்டார். "நான் உன்ன விடல்லியா?"

"இது நான் உண்டாக்கினதில்லப்பா," என்றேன். "அக்கா உண்டாக்கினது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமலேயே எழுந்து கைகழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

ஓண விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, அப்பா குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் நான். அக்காவின் காதுமடல் சிவந்திருந்தது. எதிரே வந்தவர்கள் பெரியவளை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர் என்று விசாரித்தார்கள். அப்பா நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு. சின்னவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததே இவளாக்கும்."

அதற்குப் பிறகு யார் முன்னாலும் அப்பா என்னை அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லவே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. எங்கேயோ ஒரு பிழை இருந்திருக்க வேண்டும், மாமா அதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் ரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய்க்குள்ளேயே வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எத்தனையோ தடவை சரிபார்த்தேன். லெட்டுக்குப் பின்னால் டு இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.