சீசாக்காரியின் அறை

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே ஒரு தோழி. பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைவது தோழியின் பிழைப்பு. சீசா சேர்ப்பது பைத்தியம். மருந்துச் சீசா, மைச் சீசா, மூடி தொலைந்தது, கழுத்து உடைந்தது என்று எதையும் விடமாட்டாள். யாரையாவது உடம்பு விசாரிக்கப் போனால்கூட முதலில் கண் போவது மருந்து அலமாரிக்குத்தான். “சீக்கிரம் குடிச்சு முடிங்க மாமா, காலி பாட்டில் எனக்கு வேணும்” என்று படுத்திருந்த ஒரு பெரியவரிடமே கேட்டவள். அவரும் சிரித்துவிட்டார். தெருவுக்கே அவள் சீசாக்காரி.

கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லை. வாடகை மாடி அறையில் சுவரே தெரியாமல் பலகை அடித்து, தரையிலிருந்து கூரைவரை சீசாக்கள். விடுமுறை நாளில் எக்ஸ்ரேக்காரி அங்கே போய்க் காலை நீட்டி உட்காருவாள். வெயில் கண்ணாடிகளில் இறங்கியதும் சீசாக்காரி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தூரிகையை எடுப்பாள்.

“பாருடி, இந்தப் பச்சைக்குள்ள ஒரு சிவப்பு ஓடுது.”

இவளுக்கு ஒரு சிவப்பும் தெரியாது. “ஆமாண்டி” என்பாள்.

ஒரு மழைக்காலம் முழுக்கச் சீசாக்காரிக்கு இருமல் விடவில்லை. இவள்தான் விடாப்பிடியாக மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். சும்மா சளிதான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். தோழியின் மோவாயைத் தூக்கி வைத்து, “சிரிக்காம நில்லுடி” என்று அதட்டிப் படம் எடுத்ததும் இவள்தான். இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்கில் பிடித்துப் பார்த்தாள். நுரையீரலில் ஒரு நிழல். அந்த நிழலை எத்தனையோ பேர் நெஞ்சில் பார்த்தவள்.

வெளியே வந்ததும் சீசாக்காரி கேட்டாள். “என்னடி, உன் போட்டோவுல அழகா இருக்கேனா?”

“டாக்டர் பார்த்துச் சொல்லுவார்.”

“நீ பார்த்தியேடி.”

இவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். சீசாக்காரிக்கு அது போதுமாயிருந்தது. அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை.

விடுப்பு கேட்டபோது அலுவலகத்தில், “செத்துப்போனவங்க உங்களுக்கு என்ன உறவு?” என்றார்கள். தோழி என்றாள். தோழிக்கெல்லாம் விடுப்பு கிடையாதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கும் படம் எடுத்தாள்.

வெளியூரிலிருந்து வந்த சீசாக்காரியின் தம்பி நல்லவர்தான். “வீட்டுக்காரர் சாவி கேக்கறார் அக்கா. இத்தனையும் வைக்க எங்க வீட்டுல இடம் ஏது?” என்றார். இவள் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டாள். கண்ணாடி, பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளும் என்றார்கள். நூலகத்தில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். இவள் வீட்டிலோ மாமியார் கட்டிலைப் போட்டதுபோக நடக்கத்தான் இடம்.

ஒருநாள் வேலை முடிந்து போனபோது அறை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஓவியங்களைச் சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டிருந்தார் தம்பி. அதுவரைக்கும் பிழைத்தது. சீசாக்கள் தெருமுனைப் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டிருந்தன.

அங்கே ஓடினாள். சாக்கு சாக்காக நொறுங்கிய கண்ணாடி.

“அந்தம்மாவுக்கு நானே எத்தனை பாட்டில் எடுத்து வச்சிருப்பேன்!” என்றார் கடைக்காரர். “எனக்கும் மனசு கேக்கலம்மா. உடைச்சாத்தான் லாரிக்காரன் ஏத்துறான்.”

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அரிசி களைந்தவள் களைந்தபடியே நின்றாள்.

“என்னம்மா?” என்றார் புருஷன்.

“எனக்குப் போறதுக்கு இனிமே ஒரு இடம் இல்லீங்க.”

“எங்கே போகணும், சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் மனசாரத்தான் கேட்டார். அவள் களைந்த அரிசியை உலையில் போட்டாள்.