அப்பருக்கு வந்த இத்தாலி வைன்

இன்று மத்தியானம் வாழ்க்கையில் முதல் தடவையாக இத்தாலிச் சிவப்பு வைன் குடித்தேன். பாரைமீன் குழம்போடு.

போத்தல் எனக்கு வந்ததல்ல. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வவுனியாவில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் மரியம்மாவின் மகன், இத்தாலியிலிருந்து தகப்பனுக்குக் கொடுத்தனுப்பியது. தகப்பனை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் விசா இல்லாதவன் ஓடி வந்துவிடுவான், பிறகு திரும்பிப் போக முடியாது.

"அப்பர் என்ன சொன்னவர் எண்டு ரெலிபோனில கேப்பான், டீச்சர். ருசி தெரியாமல் நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று மரியம்மா என் கிளாசிலும் ஊற்றினார்.

பின்னேரம் நாங்கள் காத்திருந்த தொலைபேசிக் கடைக்கு மகன் கோல் எடுத்தான்.

"அப்பருக்குக் கால் ஏலாதடா, கடைக்கு நடந்து வரமாட்டார்" என்று சொன்ன மரியம்மா, அதற்குமேல் கதைக்க முடியாமல் ரிசீவரை என்னிடம் தந்தார்.

"டீச்சர், அப்பருக்குப் பிடிச்சதோ?"

"ஓம் தம்பி. கள்ளுதான் திறம் எண்டவர். எண்டாலும் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர்."

அவன் சிரித்தான். "மீனோட குடிச்சிருப்பார். அது இறைச்சிக்குத்தான் தோது எண்டு சொல்லுங்கோ. அடுத்தமுறை மீனுக்கு வெள்ளை வைன் குடுத்துவிடுறன்."

வைன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் என் வாயில் இரும்பு ருசிக்கிறது. அது மீனால்தானா?