பதினொரு மாத வீட்டுக்காரன்

பினாங்கில் வாடகை வாங்குபவர்களைப் போல அலுப்பூட்டும் பிராணிகளை நான் கண்டதில்லை. ஒரு கடைவீட்டில் பாதிப் பங்கு இருந்தால் போதும், காப்பிக் கடையில் உட்காரும் தோரணையே மாறிவிடும். மழை பெய்தால் கூரையைப் பற்றிப் பேசுவார்கள். வெயில் அடித்தால் சுவர் வெடிப்பைப் பற்றிப் பேசுவார்கள். மழையும் வெயிலும் இல்லாத நாளில் குடியிருப்பவனின் நன்றிகெட்ட குணத்தைப் பற்றிப் பேசுவார்கள். பதினொரு மாதம் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பதால், கொஞ்சம் அதிகாரத்தோடேயே இதைச் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து, ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த சமயம். ஒரு வக்கீல் ஆபீசில் நான் கிராணி என்கிற குமாஸ்தா. ஊரில் கைமாறும் நிலங்களுக்கெல்லாம் பத்திரம் நகலெடுப்பது என் வேலை. வடக்கு எல்லை எது, கிணறு யாருக்கு, வேலியோரத்துத் தென்னை யாருக்கு என்று முத்து முத்தாக எழுதுவேன். எழுதியதில் ஒரு வரியாவது மூளைக்குள் போனதா என்று கேட்டால், போகவில்லை. கை மட்டும்தான் சட்டம் படித்திருந்தது.

எதிர் மேஜைக்காரர் ஒரு வீடு வாங்கினார். அன்று முதல் மைக்கூட்டைத் தள்ளச் சொல்லும்போதுகூட, ஒரு ஜமீன்தாரின் கருணை அவர் குரலில் இருந்தது. அதைப் பொறுக்க முடியாமல்தான் நான் தரகரிடம் போனேன். மனைவிக்கு இரண்டு வளையல் செய்வதற்காக மூன்று வருடமாகச் சேர்த்திருந்த இருநூறு வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், கையில் இருந்தது.

"தம்பி, ஆயர் ஈத்தாம் டிராம் போற வழியில ஒரு தென்னந்தோப்பு. அதுல நல்ல பலகை வீடு. குடியிருக்கிறவரு மாசம் தவறாம நாலு வெள்ளி குடுக்கிறாரு. இருநூறுன்னா இன்னைக்கே முடிச்சுடலாம்" என்றார் தரகர்.

"ஏன் இவ்வளவு மலிவு?"

"விக்கிறவரு ஊருக்குப் போறாரு. கப்பல் நிக்குது."

பினாங்கில் கப்பல் எப்போதுமே நின்றுகொண்டுதான் இருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. மலிவாகக் கிடைப்பது என் சாமர்த்தியத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குடையோடு போய்ப் பார்வையிட்டேன். பலகைகளைத் தட்டினேன். ஜன்னல்களை எண்ணினேன். தட்டைக் கற்களின்மேல் எட்டு மரக்கால்களில் நின்றது வீடு. குனிந்து அடியிலும் பார்த்தேன். இரண்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கோழிகள் மேய்ந்த மண் யாருடையது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

வீட்டை வாங்கிய மூன்றாம் மாதம் அதற்குப் பதில் வந்தது. தோப்புக்காரருடைய ஆள் நேராக ஆபீசுக்கே வந்து, எதிர் மேஜைக்காரர் கேட்கும்படியாக, "மண் வாடகை பாக்கி இருக்குங்க" என்றான். அந்த வட்டாரத்தில் வீடு ஒருவருக்கும் அது நிற்கும் மண் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரண வழக்கமாம். எல்லோருக்கும் தெரியுமாம். பத்திரம் எழுதுகிற எனக்கு மட்டும் தெரியவில்லை. எதிர் மேஜைக்காரர் அன்று தானாகவே எழுந்து எனக்கு மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு கூரை ஒழுகியது. பழைய அத்தாப்பு ஓலையைப் பிரித்துப் புதிது போட ஐந்து மாத வாடகை போகும். போடாவிட்டால் குடியிருப்பவர் போய்விடுவார். முதலீட்டாளனுக்குரிய கம்பீரத்துடன் யோசித்து, புதுக்கூரை போட்டேன். ஓலையின் பச்சை வாசனை போவதற்குள் தோப்புக்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அங்கே கல் வீடுகள் வரிசையாகக் கட்டப்போகிறாராம். முப்பது நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கொஞ்சம் அவகாசமாவது வாங்கித் தரச் சொல்லி என் வக்கீலிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்புக்குக் கட்டணம் வாங்காததே பெரிது.

தரகர் மட்டும் ஆறுதலாகப் பேசினார். "பலகை விலைக்கு முப்பது வெள்ளி நான் தர்றேன் தம்பி." இருநூறுக்கு என் தலையில் கட்டிய அதே வாய்.

குடியிருந்தவர் துறைமுகத்தில் சரக்குத் தோணி தள்ளும் தமிழ் முஸ்லிம். மனைவி அந்தக் கம்பத்தில், அந்தக் கிராமத்தில், பிறந்த மலாய்ப் பெண். அவரிடம் போய் விறைப்பாக நின்றேன்.

"பாய், வேற இடம் பார்த்துக்குங்க. வீட்டைப் பிரிக்கப் போறேன்."

"பிரிக்கிறதா? எதுக்குக் கிராணியாரே? தூக்கிடலாம்லா."

"எதைத் தூக்க?"

"வீட்டைத்தான். ஓடைக்கு அந்தாண்ட என் மாமனாரு மண்ணு கிடக்குது. நம்ம கம்பத்து ஆளுங்க நாப்பது பேரு வந்தா ஒரு காலையில முடிஞ்சிரும். கூலி வேணாம். ஆடு வெட்டிச் சோறு போட்டாப் போதும்."

"வாடகை?"

"அதே நாலு வெள்ளி, தவறாமத் தருவேன். மாமனாரு மண் வாடகை கேக்குறாரு."

"எவ்வளவு?"

"நாலு வெள்ளி."

நாலில் நாலைக் கழித்துப் பார்த்தேன். அவர் குரலைத் தணித்து, "இல்லாட்டி எம்பது வெள்ளிக்கு எனக்கே கொடுத்துடுங்க" என்றார்.

அதுதான் புத்தியுள்ளவன் முடிவெடுக்க வேண்டிய நேரம். எனக்கோ எதிர் மேஜை ஞாபகம் வந்தது. வருமானம் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்காரன் என்ற பேராவது மிஞ்சும். "முதல்ல வீடு போய்ச் சேரட்டும்" என்றேன்.

மாமிசத்தைத் தொடாத நான் ஆடு வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறு காலை, தரைப்பலகைக்கு அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். ஒரு கிழவர் "சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கத்தினார். என் முதலீடு எழுந்து நடந்தது. நானும் தோள் கொடுக்கப் போனேன். என் குள்ள உருவத்தையும் கோட்டையும் பார்த்துவிட்டு, வாசல் ஏணியை என் கையில் கொடுத்து, "பின்னால வாங்க" என்றார்கள்.

ஓடையின் நடுவில் யாருக்கோ கால் வழுக்கியது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே சட்டிகள் உருண்டன. இரண்டு வளையலும் தண்ணீருக்குமேல் தொங்குவதை, ஏணியைக் கட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டு நின்றேன். கிழவர் மறுபடி கத்தினார். வீடு நிமிர்ந்து கரையேறியது.

வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பாயின் மனைவியைக் கேட்டார்கள். அவர் கைகாட்டிய பக்கம் திருப்பி இறக்கினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. பாய் ஒரே தாவில் உள்ளே ஏறி, வாசலில் நின்றபடி, "ஏணியைப் போடுங்க கிராணியாரே, மேல வாங்க, சாப்பிடலாம்" என்று உபசரித்தார்.

என் வீட்டு வாசலில், என் ஏணியோடு, இன்னொருவர் கூப்பிட்டுத்தான் ஏற வேண்டியவனாக நின்றேன். என் மரமண்டைக்குக்கூட அப்போது விஷயம் புரிந்தது. ஏணியைச் சாத்தி, அடிப்படியில் உட்கார்ந்து, பையிலிருந்த தாளை எடுத்து விற்பனைப் பத்திரம் எழுதினேன். என் எழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"இன்னையிலேர்ந்து வீடு உங்களுதுன்னு."

"சரி. மண்ணு யாருதுன்னு எழுதுனீங்களா?"

எழுதவில்லை. தாளைத் திரும்ப வாங்கி ஓரத்தில் சேர்த்தேன்.

பாய் கொடுத்த எண்பது வெள்ளியில் ஆட்டு விலை போக மிஞ்சியதில் மெல்லிசாக ஒரு வளையல் வந்தது. மனைவி அதை வலது கையில் போட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னொரு கைக்கு எந்த வீட்டை வாங்கப் போறீங்க?"