காலியாக வந்த டப்பா

வெள்ளை டப்பா, நீல மூடி. ஊறுகாய் போட்டு வைக்கிற அளவுள்ள அந்தப் பிளாஸ்டிக் டப்பா ஏழு வருஷமாக என் அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் சும்மா கிடக்கிறது என்பேன். அதில் பொய்யும் இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போய்வந்தேன். ஒரு நிவாரண அமைப்பில் களப்பணியாளர் வேலை. தேவனாம்பட்டினத்துப் பெண்களின் மனசைத் தேற்ற வேண்டும் என்பது உத்தரவு. எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை என் வீட்டில் ஒரு சாவு விழுந்ததில்லை. அந்தத் தகுதியோடு போனேன். பயிற்சியில் எங்களுக்கு ஒரு நடை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெறுங்காலோடு மெதுவாக நடக்க வேண்டும், பாதம் மண்ணில் படுவதைக் கவனிக்க வேண்டும், பத்தடிக்கு ஒருமுறை நின்று, நன்றி சொல்லத்தக்க ஒன்றை நினைத்து, ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டும். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மணலில் நடக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோமே என்ற கூச்சம்கூட எனக்கு வரவில்லை.

வந்தவர்களில் மீன் விற்கும் அக்கா ஒருவர். அலை வந்த காலையில் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர். பெரியவள் மட்டும்தான் மிஞ்சினாள். சின்னவளின் கை எப்படி விட்டுப்போனது என்று அந்தத் தெருவில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவ்வளவு நாகரிகம் அவர்களுக்கு இருந்தது.

நாங்கள் நடத்திய நடையில் அவர் கடலைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி கடைசி வரை நடந்தார். டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒண்ணுகூடவாக்கா இல்ல? பெரியவ இருக்காளே” என்றேன்.

“அவ இருக்கறதுக்கு நன்றின்னு நான் சொன்னா, சின்னவள நானே வுட்டுட்ட மாதிரி ஆயிடும் பாப்பா. பெரியவ காதுல வுழுந்தா என்னா நெனைப்பா?”

காலி டப்பாவை அலுவலகத்தில் கொடுத்தால் கேள்வி வரும் என்று என் பையில் போட்டுக்கொண்டேன். படிவம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் சொன்ன நன்றியை எழுத வேண்டும். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அவர் பெயருக்கு எதிரில் நானே எழுதினேன்: ‘என் மூத்த மகள் பிழைத்ததற்கு நன்றி.’ நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அந்த வரிகளையெல்லாம் அவரவர் போட்டோவோடு பெரிய பேனராக அடித்து, பிள்ளைகளுக்குச் சாயங்கால ட்யூஷன் நடக்கும் கூடத்தில் மாட்டினார்கள். பதின்மூன்று வயதுப் பெரியவள் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. “நான் சொல்லாதத எதுக்கு எழுதுன? புள்ள ரெண்டு நாளா சாப்புடல. ‘என்னைப் புடிச்சிக்கத்தான் அவள வுட்டியாம்மா’ன்னு கேக்குறா. அத எடுத்துடு.”

அதிகாரியிடம் கேட்டேன். வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள், அதுவரை இருக்கட்டும் என்றார். நாலு ஆணிதான். நானே பிடுங்கியிருக்கலாம். என் வேலையை நீட்டிக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மூன்று வாரம் பேனர் அங்கேயே தொங்கியது. அதற்குப் பிறகு அக்கா என்னிடம் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் தவறிப்போனார். தூக்கம் வராமல் டாக்டரிடம் போனேன். காலையில் நடக்கச் சொன்னார். கோயிலைச் சுற்றியிருக்கிற நாலு வீதியிலும் நடக்கிறேன். கூட வரும் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், “பையன் இருக்கானேன்னு நன்றி சொல்லிக்கிட்டே நடம்மா, மனசு லேசாவும்” என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. நல்ல மனுஷி அவர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன மாதம் கடலூருக்குப் போய் மீன் மார்க்கெட்டில் அக்காவைத் தேடினேன். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போன மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. கணவர் இறந்ததை மட்டும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

“புள்ள?”

“ஒரு பையன்க்கா.”

அவனாவது இருக்கிறானே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவர் எனக்குத் தெரிந்து அவர் மட்டும்தான்.

“பெரியவ எப்படி இருக்கா?”

“கட்டிக் குடுத்தாச்சு. இந்தப் பக்கம் வர்றதில்ல.”

மீனைப் பையில் போட்டு நீட்டினார். பழக்கதோஷம், “நன்றிக்கா” என்றேன்.

“அத நீயே வெச்சிக்க பாப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் குப்பையில் போட எடுத்தேன். முடியவில்லை. துடைத்து, மூடியை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.