இடது பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத்தாள்

அந்தத் தலைமையாசிரியர் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அவரைவிட என் மேல்தான் அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் பேரையூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். மதுரை டவுனில் வளர்ந்தவன், ஒரு செடி நட்டதில்லை. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள், ஒப்பிப்பார்கள். கேள்வி கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். அலுத்துப்போய் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன்: "நான் சொல்றத வலது பக்கம் எழுதுங்க. இடது பக்கம் உங்களுக்கு. சந்தேகம், வீட்ல பாத்தது, காட்ல பாத்தது, எது வேணும்னாலும் எழுதுங்க. திட்ட மாட்டேன்." தினமும் இரண்டு பேர் இடது பக்கத்தை வாசிப்பார்கள். மற்றவர்கள் மறுத்துப் பேசலாம். ஒரே மாதத்தில் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். பருத்தி போடுகிற வீடு. பருத்தி விதையைச் சாணியில் உருட்டிக் காயவைத்துத்தான் அங்கே விதைப்பார்கள். சாணி உரமாகி விதை முளைக்க உதவுகிறது என்று நான் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு கொட்டாங்குச்சியில் பத்துப் பத்து விதை ஊன்றிப் பார்த்துவிட்டு வந்து, எழுந்து நின்று வாசித்தாள்: "சாணி போட்டதும் முளைச்சது, போடாததும் முளைச்சது. பஞ்சு ஒட்டியிருந்தா விதை ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிரும். ஒத்தை ஒத்தையா விழணும்னுதான் உருட்டுறோம். சார் சொன்னது தப்பு."

வகுப்பு கைதட்டியது. நான் சிவப்பு மையில் பெரிய டிக் போட்டேன். எல்லோரும் தங்கள் இடது பக்கத்தில் அவள் பதிலை எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதற்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. எல்லா நோட்டுக்கும் ஒரே காக்கி அட்டை, எல்லா நோட்டிலும் ஒரே பதில், பழைய தேதி போட்ட கையெழுத்து. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் நோட்டுகளைப் புரட்டினார்.

"என்னய்யா இது? சார் சொன்னது தப்புன்னு ஒரு பிள்ள எழுதியிருக்கு, நீரும் அதுக்கு டிக் போட்டிருக்கீரு! அதிகாரி பாத்தா என் கதி என்னாகும்? எல்லாத்தையும் கிழிச்சிரும்."

"கிழிச்சா பின்னாடி இருக்கிற பாடமும் போயிரும் சார்."

"அப்ப வெள்ளைத்தாள ஒட்டும்."

வேலை எனக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. மைதா பசை காய்ச்சியது நான்தான். மதியம் முழுக்கப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே மூடி ஒட்டினார்கள். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எங்களுக்குன்னு சொன்னீங்களே சார்?"

"வாயாடாத" என்று கத்தி, நோட்டைப் பிடுங்கி நானே ஒட்டினேன். கோழைக்குக் கோபம் வந்தால் அது எப்போதும் எளியவர் பக்கம்தான் பாயும்.

மறுநாள் அதிகாரி வந்தார். அவள் நோட்டைத்தான் எடுத்தார். "பருத்தி விதையை ஏம்மா சாணியில உருட்டுறாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாணி உரமாகி விதை முளைக்க உதவுகிறது" என்று ஒப்பித்தாள்.

"வெரிகுட்" என்றார் அதிகாரி. தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று நாங்கள் அதைத்தான் பரிமாறினோம், அந்த மனுஷர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், இடது பக்கத்தில் பழையபடி எழுதலாம் என்று வகுப்பில் சொன்னேன். சிலர் எழுதினார்கள். அவள் நோட்டில் மட்டும் பக்கம் பக்கமாகக் காலியாகவே இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் போய், "ஏம்மா ஒண்ணும் எழுதல?" என்று கேட்டேன்.

அவள் மரியாதையாக எழுந்து நின்று பேனாவைத் திறந்தாள்.

"என்ன எழுதணும்னு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."