எலும்புக்காரி அனாயெலி

மேரு எரிமலையடிவாரத்தில் பிறந்தவர்களை அவர்கள் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். தேநீர்க் கறை படிந்த பீங்கான்போலப் பழுப்பு. அனாயெலி அக்யூவுக்கும் அதே பல்தான். பத்தொன்பது வயதில் டாருஸ்ஸலாம் நகரத்துக்கு வங்கி வேலை கேட்டுப் போனாள். மேலாளர் சான்றிதழைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். "இந்தப் பல்ல கவுண்டர்ல உக்கார வச்சா எவன் பணம் போட வருவான்?" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அன்றிலிருந்து அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரித்தாள்.

கடவுள் கொடுத்த பல் என்றது ஊர். அந்தக் கடவுள் நகரத்துக் குழாய்த் தண்ணீர் குடிப்பவனுக்கு மட்டும் ஏன் வெள்ளைப் பல் கொடுத்தார் என்று எவரும் கேட்கவில்லை.

அவள் கேட்டாள். ஊருக்குத் திரும்பியதும், விடுதியுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் சோதனைக் குழாய் கழுவும் வேலை கிடைத்தது. கழுவிக் கவிழ்த்த நேரம் போக, வேதியியல் புத்தகத்தைப் படித்தாள். ஃப்ளோரினின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டாவதை யாரிடமாவது பிடுங்கினால்தான் அடங்கும். பிடுங்கியபின் ஃப்ளோரைடாகித் தண்ணீரில் திரியும். கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். பல்லில் கால்சியம், எலும்பில் கால்சியம். நாற்பது வயதில் அம்மாவின் முதுகு கட்டைபோல விறைத்துப்போனது யார் வைத்த சூனியமும் இல்லை என்று அன்று அவளுக்குப் புரிந்தது. எரிமலைப் பாறையில் ஊறிவரும் ஓடைத் தண்ணீர்தான் காரணம்.

மாட்டெலும்பைக் காற்றுப் புகாமல் சுட்டால் கரியாகும். அந்தக் கரியிலும் கால்சியம் இருக்கும். ஃப்ளோரைடு நம் எலும்பில் ஒட்டுவதற்குமுன் அதில் ஒட்டட்டும். இறைச்சிக் கடைகளில் எலும்பு பொறுக்கி, பீப்பாயில் அடைத்துச் சுட்டாள். காற்றுப் புகுந்த முதல் சூளை சாம்பல் வெள்ளையாகிப் பாழாய்ப்போனது. மூன்றாவது சூளை கறுப்பாக வந்தது. விடுதியின் குடிநீர்த் தொட்டிக்கு அதை வடிகட்டியாக வைத்தாள்.

"செத்த மாட்ட எங்க புள்ளைங்களுக்குக் கரைச்சுக் குடுக்குறா" என்று பள்ளிக் குழுத் தலைவர் நன்யாரோ தேவாலய வாசலில் நின்று சொன்னார். அன்றே எலும்புக்காரி என்று பெயர் விழுந்தது.

ஓராண்டு கழித்து மாவட்டச் சுகாதார ஊழியர்கள் மாணவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். ஃப்ளோரைடு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. நன்யாரோவுக்கு அந்தக் காகிதம் போதும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், கூட்டம் முடிந்ததும் வடிகட்டியை உடைப்பது என்று முடிவானது.

அனாயெலி குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சிவப்புச் சாயக் கரைசலில் ஊற்றினாள். ஃப்ளோரைடு இருந்தால் மஞ்சளாக வேண்டும். சிவப்பு அசையவில்லை. தண்ணீரில் குற்றமில்லை. பின் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது?

வெள்ளிக்கிழமை மதியம் சமையலறையில் தட்டோடு நின்றபோது விடை கண்ணெதிரே விழுந்தது. சோளமும் பீன்ஸும் வேகும் மக்காண்டே அண்டாவில், சமையல்காரி நாஷிப்பாய் சாம்பல் நிறக் கட்டியொன்றை எறிந்தாள். மகாடி. பீன்ஸ் சீக்கிரம் வெந்து குழைய ஊரில் எல்லோரும் போடும் ஏரிக்கரைச் சோடா உப்பு. அந்த ஏரியில் வற்றிப் படிவதும் அதே எரிமலைப் பாறைத் தண்ணீர்தான். ஓராண்டாக அதே மக்காண்டேயை ருசி பார்த்துப் புகழ்ந்தவள் அனாயெலியேதான். தன் தலையிலேயே நாலு போட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கூட்டத்தில் நன்யாரோ கோலூன்றி எழுந்தார். "வருஷம் முழுக்க எலும்புத் தண்ணி குடிச்சாச்சு. எவன் பல்லாவது வெளுத்துச்சா?"

"முளைச்சு வந்த பல்லு இனி வெளுக்காது, தலைவரே. உங்களுக்கும் வெளுக்காது."

அவள் மேசையில் வடிகட்டிய தண்ணீரை வைத்து அமிலமும் சாயமும் விட்டாள். சிவப்பாகவே நின்றது. அடுத்த குவளையில் அதே தண்ணீர். அதில் மகாடித் துண்டொன்றைப் போட்டு அமிலம் ஊற்றினாள். பொங்கி அடங்கியதும் அதே சாயத்தை விட்டாள். மெல்ல மஞ்சளானது.

"பாட்டன் முப்பாட்டன் தின்ன மகாடிய விஷம்னு சொல்றாளே இவ."

"உங்க பாட்டன் கடைசிக் காலத்துல முதுக நிமித்தி நடந்தாரா, தலைவரே? நீங்க நிமித்துங்க, பாப்போம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நன்யாரோவின் கை கோலை இறுக்கியது.

நாஷிப்பாய் முன்னால் வந்தாள். "மகாடி போடலன்னா அடுப்பு ரெண்டு மடங்கு நேரம் எரியணும். விறகு யார் தருவா? இந்த எலும்புக்காரியா?"

"முந்தின நாளே ஊறப்போடு. மிச்ச விறகுக்குக் குழு பதில் சொல்லட்டும். வடிகட்டிய உடைக்கத் தலைவர் நாலு ஆளைக் கூட்டி வந்திருக்காருல்ல? அவங்க கையில கோடாலியக் குடு, விறகு வெட்டட்டும்."

வடிகட்டியை உடைக்க யாரும் கைதூக்கவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. "வாயப் பாரு இவளுக்கு" என்று போகிற போக்கில் ஒருத்தி சொன்னாள்.

அனாயெலி அவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கை மேசையிலேயே இருந்தது. "நல்லாப் பாரு. இந்தப் பல்லக் கறையாக்கினதுதான் நீ காலைல சமைச்சதுலயும் இருக்கு."